குன்னூரில் நீட் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவன் நான். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஜூன் மாதம் அவளைக் குன்னூரில் உள்ள ஒரு நீட் பயிற்சி மையத்தில் சேர்த்து 90,000 ரூபாய்க்கு ஏமாந்தேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான துண்டறிக்கையை இப்போதே சந்தைக்கடைகளில் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் நடந்ததை எழுதுகிறேன்.

பிள்ளையைக் கோவைக்கோ நாமக்கல்லுக்கோ அனுப்பி விடுதியில் வைத்துப் படிக்கவைக்க எங்களைப் போன்றவர்களால் முடியாது. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் போய்த் திரும்பலாம், சனி ஞாயிறு மட்டும் வகுப்பு, கோவையிலிருந்து அனுபவமுள்ள ஆசிரியர்கள் மலையேறி வருவார்கள் என்று அந்த மையத்தினர் சொன்னபோது, எங்களுக்காகவே திறந்ததுபோல இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருப்பதைச் சுட்டிக்காட்டி, "இந்தப் பொண்ணுக்கு சீட் எழுதி வைத்த மாதிரிதான் சார்" என்றார் சேர்க்கைப் பிரிவில் இருந்தவர். ஒதுக்கீடு உண்மைதான், மற்றதுதான் பொய்.

ஜூன், ஜூலை இரண்டு மாதமும் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயற்பியலுக்கு வந்த ஆசிரியர் நிஜமாகவே கெட்டிக்காரர். ஆகஸ்டில் அவர் நின்றுவிட்டார். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்துவிட்டதால் வர முடியவில்லை என்றார்கள். பர்லியாறு வழி அடைபட்டாலும் கோத்தகிரி வழி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றாமல் இல்லை, அந்தச் சாலையில்தான் நான் தினமும் பேருந்துக்கு நிற்கிறேன். ஆனாலும் கேட்கவில்லை. அவருக்குப் பதிலாக ஓர் இளைஞர் வந்தார், பாதி நேரம் தொலைக்காட்சியில் பதிவுசெய்த பாடத்தை ஓடவிட்டார். ஒருநாள் இரவு மகள் குறிப்பேட்டைக் கொண்டுவந்து காட்டி, "அப்பா, மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது முடுக்கமும் சுழி என்று எழுதச் சொன்னார், பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி நடத்தினார்களே" என்றாள். எனக்கு அது புரியவில்லை, எழுதியதைப் படி என்று சொல்லிவிட்டேன். உச்சியில் சுழியாவது கல்லின் திசைவேகம்தான், புவியீர்ப்பு முடுக்கம் அப்போதும் 9.8 ஆகக் கீழ்நோக்கியே இருக்கும் என்பது இப்போது எனக்கே தெரிகிறது. அந்த இளைஞர் பொறியியல் இறுதியாண்டு மாணவர் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

இவ்வளவு நடந்தும் நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் மதிப்பெண். மாதம் ஒருமுறை மாதிரித் தேர்வு நடத்தி, மொத்த மதிப்பெண்ணைக் கைப்பேசிக்கு அனுப்புவார்கள். முதலில் 364, அடுத்து 410, பிறகு 472 என்று ஏறிக்கொண்டே போனது. 720க்கு 472 என்றால் எந்தத் தகப்பனுக்கும் வாய் அடைத்துத்தான் போகும்.

தீபாவளிக்கு வந்த என் மைத்துனர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். 472 என்று பெருமையாகச் சொன்னேன். விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லி, அடுப்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். 118 சரி, 54 தவறு, 8 விடப்பட்டவை. "மாப்பிள்ளை, இதில் மைனஸ் எங்கே?" என்றார். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறைப்பு என்பது நீட் எழுதும் எல்லோருக்கும் தெரிந்த விதி. 118ஐ நான்கால் பெருக்கி 472 என்று போட்டவர்கள், 54ஐக் கழிக்கவே இல்லை. உண்மையில் அவள் வாங்கியது 418.

அதோடு முடியவில்லை. வினாத்தாளைப் புரட்டியவர், பெரும்பாலானவை பழைய நீட் வினாத்தாள்களிலிருந்து எண்கள்கூட மாறாமல் எடுக்கப்பட்டவை என்றார். அதே கேள்விகளை முந்தைய வாரங்களில் "முக்கிய வினாக்கள்" என்ற பெயரில் விடையோடு மனப்பாடம் செய்யவைத்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு அவரே புதிதாக 180 கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்து, 180 நிமிடம் கடிகாரம் வைத்து எழுதவைத்தார். 79 சரி, 71 தவறு. மொத்தம் 245. மகள் அன்று இரவு சாப்பிடவில்லை. தவறு அவளுடையது அல்ல என்பதைப் புரியவைக்க எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

ஆகவே இப்போது எங்காவது பிள்ளையைச் சேர்த்திருக்கும் பெற்றோர், மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், எத்தனை சரி, எத்தனை தவறு என்று கேட்டு நீங்களே நான்கால் பெருக்கிக் கழித்துப் பாருங்கள். வினாத்தாளை வீட்டுக்குத் தர மறுக்கும் மையத்தில் ஒரு மாதம்கூட வைத்திருக்காதீர்கள். பள்ளி ஆசிரியர் எவரிடமாவது அந்தத் தாளைக் காட்டினால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோதுதான் இன்னொரு பள்ளம் தெரிந்தது. சேரும்போது 30,000 ரொக்கமாக வாங்கிக்கொண்டு, மீதி 60,000 "வட்டியில்லாத் தவணை, மாதம் 5,000" என்று சொல்லி, என் கைப்பேசிக்கு வந்த கடவு எண்ணை வாங்கித் தங்கள் கருவியில் தட்டினார்கள். அது மையத்துக்குக் கட்டும் தவணை என்றே நினைத்தேன். உண்மையில் என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் எடுத்து, முழுத் தொகையையும் மையம் முன்னதாகவே வாங்கிக்கொண்டுவிட்டது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் நான் கட்டியாக வேண்டும், கட்டாவிட்டால் என் கடன் மதிப்பீடு கெடும். பச்சைத் தேயிலை விலை சரிந்த மாதத்திலும் 5ஆம் தேதி பணம் கணக்கிலிருந்து போய்விடுகிறது. இதுவரை ஏழு தவணை போயிற்று, இன்னும் ஐந்து இருக்கின்றன.

மைய நிர்வாகியோ, கட்டணம் திருப்பித் தரப்படாது என்று ரசீதின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதைக் காட்டினார். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் மாநிலங்களுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், பாதியில் விலகும் மாணவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும், பட்டம் பெறாதவரை ஆசிரியராக வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. அது வழிகாட்டுதல்தான், அதை மட்டும் காட்டினால் பணம் வந்துவிடாது. என் புகாரில் இணைத்திருக்கிறேன். அதே ஆண்டு நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மைய விளம்பரங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. தேர்ச்சி பெற்ற மாணவரின் படத்தைப் போட்டால், அவர் எந்த வகுப்பில், எத்தனை காலம் படித்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் மையத்தின் பெரிய பதாகையில் சிரித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் தந்தையை விசாரித்தேன். அந்தப் பெண் அங்கே போனது ஒரே ஒரு இலவச மாதிரித் தேர்வுக்காம்!

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். மையத்திலிருந்து ஒருவர் அழைத்து, 10,000 தருகிறோம், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். மறுத்துவிட்டு, உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். செலுத்திய தொகை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம்.

மகள் இப்போது சனி ஞாயிறுகளில் மைத்துனர் வீட்டுக்குப் போகிறாள். சென்ற வாரத் தேர்வில், தவறுகளைக் கழித்த பிறகு 302. அந்த மையத்தில் சென்ற ஜூனில் சேர்ந்த வேறு பெற்றோர் இதைப் படித்தால், விடைத்தாள்களையும் வினாத்தாள்களையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் இருப்பது மூன்று மாதத் தாள்கள்தான். செப்டம்பர்த் தாள் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தேவைப்படுகிறது.