வெங்கே அலமாரிக்கு எதைப் பூசலாம்: எண்ணெய் எனாமலா, வாட்டர் பேஸா, ஸ்டிக்கரா?

ஆன்லைனில் வாங்கி, பெட்டியைப் பிரித்து, நாமே திருகு முடுக்கி நிறுத்தும் அலமாரிகளில் எங்கு பார்த்தாலும் வெங்கே எனப்படும் கரும்பழுப்பு நிறம்தான். அழுக்கு தெரியாது, விலையும் குறைவு, வாங்கிவிடுகிறோம். கொஞ்ச நாள் போனதும் அறையே இருண்டு கிடப்பதாகத் தோன்றும். அப்போதுதான் ‘இதற்கு வெள்ளையடித்தால் என்ன?’ என்ற யோசனை வரும். எனக்கும் வந்தது. புத்தக அலமாரி, செருப்பு ஸ்டாண்டு, கட்டிலருகே வைக்கும் டிராயர் மேசை என்று வீட்டில் இருந்தவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையைக் கையாண்டேன். என் ஓட்டு வாட்டர் பேஸ் எனாமலுக்கு. பூசுவதற்கு அது எளிது என்பதால் அல்ல. உண்மையில் எல்லாவற்றிலும் அதிகப் பொறுமை கேட்பது அதுதான். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவருக்கு ஒரு விஷயத்தில் அதை மற்ற எதுவும் நெருங்க முடியாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எல்லா முறைக்கும் பொதுவானது. இந்தப் பலகை மரம் அல்ல. மரச் சில்லுகளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. அதன் மேல் மெலமைன் பிசின் ஊறிய காகிதத் தோல். மரக்கடையில் ப்ரீலாம் என்பார்கள். சாம்பார் சிந்தினாலும் ஒரே துடைப்பில் போகிறதே, அந்தக் குணம்தான் பெயின்டையும் ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஆகவே சோப்புத் துணியால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து, உலர்ந்தபின் 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மங்கும்வரை லேசாகத் தேய்க்க வேண்டும். தோல் கிழியுமளவு தேய்த்துவிட்டால் உள்ளிருக்கும் சில்லு எட்டிப் பார்க்கும். ஐகியாவின் லாக் மேசை மாதிரியானவற்றில் உள்ளே நிரப்பியிருப்பதே தேன்கூடு வடிவக் காகிதம், அங்கே கை இன்னும் லேசாக இருக்கட்டும். அடுத்து பிரைமர், அதாவது பெயின்டுக்கு முன் பூசும் அடிப்பூச்சு. ஹார்டுவேர் கடையில் ‘வுட் பிரைமர்’ என்று கேட்டு வாங்கி வராதீர்கள். அது மரத்துக்குள் ஊறிப் பிடிப்பதற்காகச் செய்தது, இங்கே ஊற இடமே இல்லை. லேமினேட், டைல்ஸ், கண்ணாடி மேலும் ஒட்டும் என்று டப்பாவில் போட்டிருக்கும் பிரைமர்தான் வேண்டும். சந்தேகமாக இருந்தால் அலமாரியின் அடிப்பாகத்தில் ஓர் உள்ளங்கை அளவு பூசி, சில நாள் விட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டேப்போடு சதுரம் சதுரமாகப் பெயின்ட் வந்தால், மேலே எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் பூசினாலும் வீண்.

இனி போட்டியாளர்கள்.

ஸ்ப்ரே டப்பாவைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கைப்பிடி, பிரம்புக் கூடை, சின்ன ஸ்டூல் இவற்றுக்கு அருமை. ஆறடி அலமாரிக்கு டப்பா மேல் டப்பாவாகக் காலியாகும்; பாதி பெயின்ட் பால்கனிச் சுவருக்கும் பக்கத்து வீட்டுத் துணிக்கும் போகும். ஆள் வைத்து டூகோ, அதாவது காருக்கு அடிப்பதுபோல மெஷினால் பெயின்ட் அடிப்பதும் அப்படித்தான்: கண்ணாடி போன்ற வழவழப்பு கிடைக்கும், கூலி அலமாரியின் விலையைத் தாண்டிவிடும்.

ஸ்டிக்கர் ஷீட், அதாவது பின்னால் பசையோடு சுருளாக வரும் வினைல், பலருக்கும் முதல் தேர்வு. நாற்றம் இல்லை, காயக் காத்திருக்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மதியம் தொடங்கினால் சாயங்காலம் முடிந்துவிடும். செருப்பு ஸ்டாண்டுக்கு அதைத்தான் ஒட்டினேன். தட்டையான பரப்பில் இன்னும் குறையில்லை. பிரச்சினை மூலைகளில். நம் ஊர் வெயிலில் பசை இளகி விளிம்பில் லேசாகத் தூக்கும். தூக்கிய இடத்தில் தூசி சேரும். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டாது. ஹேர் டிரையரால் சூடு காட்டி ஒட்டினால் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் கதவும் டிராயரும் நிறைய இருக்கும் பொருளில் மூலைகள்தானே அதிகம்.

எண்ணெய் எனாமல் நம் அப்பா காலத்து ஆள். ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் அடிக்கும் அதே டப்பா. காய்ந்துவிட்டால் கெட்டி, ஈரத்துணியால் எத்தனை முறை துடைத்தாலும் கவலையில்லை. நன்றாகத் தேய்த்து, சரியான பிரைமர் போட்டிருந்தால் பிடிப்பும் குறைவில்லை. பிரஷ் கோடுகள் தானாகப் படிந்து மறைவதில் வாட்டர் பேஸை விட இது ஒரு படி மேல்தான். குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவே ஒரு ராத்திரி போக வேண்டும், டர்பன்டைன் இல்லாமல் பிரஷ் கழுவ முடியாது, வீடு முழுக்க நாற்றம். தெரியாத ஒரு குறையும் உண்டு. வெள்ளை எண்ணெய் எனாமல் நாளடைவில் மஞ்சளடிக்கும். அதுவும் வெளிச்சம் படும் இடத்தைவிட வெளிச்சமே படாத இடத்தில் அதிகமாக. டிராயரின் உட்புறம், அலமாரிக் கதவின் பின்பக்கம், புத்தகம் மறைத்த பின்பலகை எல்லாம் பழைய பியானோக் கட்டை நிறத்துக்குப் போய்விடும்.

ஈயத்தைப் பற்றியும் ஒரு வரி. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்து 2017 நவம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. ஆகவே பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் தூசி தட்டிக் குழந்தையின் அலமாரிக்குப் பூசுவது வேண்டாம். டப்பாவில் தேதி பாருங்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். வாடகை ஒப்பந்தம் 11 மாதம். நீட்டித்தாலும் சில வருடங்களுக்கு ஒருமுறை டெம்போ வரும், கயிறு வரும், ‘பாத்து, பாத்து’ என்று நாம் கத்துவதற்குள் அலமாரியின் மூலை படிக்கட்டுக் கைப்பிடியில் இடித்திருக்கும். ப்ரீலாம் பலகையில் மூலை உடைந்தால் சில்லு உதிரும். பலகைகளை இணைக்கும் கேம் லாக்கைக் கழற்றி மாட்டியிருந்தால் இணைப்பு ஓரங்களில் பெயின்ட் கீறல் விடும். எந்த முறையில் பூசினாலும் இது நடக்கும். கேள்வி, புது வீட்டில் பால் காய்ச்சிய வாரத்திலேயே அதைச் சரிசெய்ய முடியுமா என்பதுதான்.

ஸ்டிக்கரில் முடியாது. ஒட்டுப் போட்டால் ஒட்டாகவே தெரியும். முழுப் பலகைக்கும் புதிதாக ஒட்ட வேண்டும். அதே டிசைன் சுருள் அதற்குள் கடையில் நின்றுபோயிருக்கும். எண்ணெய் எனாமலில் முடியும், ஆனால் பழைய வெள்ளை மஞ்சளாகியிருக்க, புது வெள்ளை அதன்மேல் பளிச்சென்று தனியாக நிற்கும். திறந்து வைத்த டப்பாவில் ஏடு கட்டி மீதியும் பாழாகியிருக்கும். டூகோவுக்கு ஆளை மறுபடி தேட வேண்டும்.

வாட்டர் பேஸ் அக்ரிலிக் எனாமல் அந்த அளவுக்கு மஞ்சளாவதில்லை. மீந்ததை ஊறுகாய் பாட்டில் ஒன்றில் கழுத்துவரை நிரப்பி இறுக்கி மூடி வைத்தால் உள்ளே காற்று குறைவு, நன்றாக இருக்கிறது. உடைந்த மூலையை எம்-சீல் அல்லது மரத்துக்கான பட்டி மாவால் நிரப்பி, தேய்த்து, பிரைமரை ஒற்றி, மேலே இரண்டு மெல்லிய கோட். ஒரே நாள் வேலை. இரவே ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துக்கொள்ளலாம். இதற்கு ஒரே நிபந்தனை: முதலிலேயே பளபளப்புக் குறைந்த சாட்டின் அல்லது பளபளப்பே இல்லாத மேட் வாங்க வேண்டும். பளபளக்கும் கிளாஸில் டச்-அப் செய்த இடம் வெளிச்சம் படும்போதெல்லாம் காட்டிக்கொடுக்கும். கலர் மெஷினில் கலந்து வாங்கினால் ஷேடு நம்பரைக் கடைச் சீட்டில் விட்டுவிடாமல், அலமாரியின் அடிப்பலகையில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். சீட்டு தொலையும், அலமாரி தொலையாது.

இதன் வேதனைகளையும் சொல்லத்தான் வேண்டும். முதலாவது, ஓரம். ப்ரீலாம் பலகையில் ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை (எட்ஜ் பேண்ட்) பெயர்ந்த இடம், திருகுத் துளை, பின்பக்க வெட்டு ஓரம் எல்லாம் திறந்த சில்லு. தண்ணீர் பட்டால் உப்பும், உப்பினால் பழைய நிலைக்குத் திரும்பாது. வாட்டர் பேஸில் இருப்பதும் தண்ணீர்தானே. அதனால் அந்த ஓரங்களுக்கு மட்டும் முதலில் எண்ணெய் பிரைமரையோ ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷையோ பூசி அடைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும். கார் பட்டறைக்காரர்கள் போலத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதும் இங்கே கூடாது.

இரண்டாவது, காய்வதும் இறுகுவதும் ஒன்றல்ல. ஒரு மணி நேரத்தில் கையில் ஒட்டாது. ஆனால் முழுதாக இறுக இரண்டு மூன்று வாரம் ஆகும், மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். அதற்குள் டிராயரை இறுக மூடி வைத்தால் பெயின்டும் பெயின்டும் கட்டிப்பிடித்துக்கொள்ளும். இழுக்கும்போது உரிந்து வரும். புத்தகங்களை அடுக்கினாலும் அட்டை ஒட்டும். ஐப்பசியில் ஆரம்பிக்காதீர்கள், மாசி பங்குனி நல்ல காலம்.

அளவுக்கு ஒரு கணக்கு. ஆறடி உயரம், இரண்டரை அடி அகலம், ஓரடி ஆழம் உள்ள ஐந்து தட்டு அலமாரிக்கு உள்ளும் புறமும் சேர்த்தால் ஏறக்குறைய 70 சதுர அடி; இரண்டு கோட்டுக்கு 140. ஒரு லிட்டர் இழுத்துப் பிடித்துப் போதும், டச்-அப்புக்கு மீதி வைக்கப் போதாது. இன்னொரு சின்ன டப்பாவையும் சேர்த்தே கலந்து வாங்கிவிடுங்கள். பிரஷை ஓரங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தட்டைப் பரப்புக்கு நாலு அங்குல ஸ்பாஞ்ச் ரோலர். வெங்கே மேல் வெள்ளை என்றால் மூன்றாவது கோட் கேட்கலாம். பிரைமரே வெள்ளையாக இருந்தால் தப்பிக்கலாம்.

என் அனுபவம் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் உட்பட்டது. புத்தக அலமாரி ஒரு வீடு மாறி, மூலைகளில் டச்-அப் வாங்கி, எட்ட நின்று பார்த்தால் தெரியாத அளவில் நிற்கிறது. சமையலறைக் கேபினெட்டில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. தாளிப்பின் எண்ணெயும் ஆவியும் தினமும் படும் இடத்தில் எண்ணெய் எனாமலோ, ஹார்டனர் கலக்கும் டூ-பேக் பியூ (பாலியூரத்தேன்) பெயின்டோதான் தாங்கும் என்பது எனக்குப் பழக்கமான பெயின்டர்கள் சொல்வது. அவர்கள் பேச்சை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. அதுபோல, அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகப்போவதே இல்லை, இன்னும் ஒரு வருடம் ஓட்டினால் போதும் என்கிற பொருளுக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம், ஸ்டிக்கரே சரி.

படிக்கும் மேசையாக இருந்தால் மேல்பலகையை மட்டும் விட்டுவிட்டு, காலுக்கும் பக்கவாட்டுக்கும் பூசுங்கள். சூடான காப்பி டம்ளரின் வட்டத்தை அந்தப் பழைய மெலமைன் தாங்குகிற மாதிரி வீட்டில் பூசும் எந்தப் பெயின்டும் தாங்காது.