ஆகஸ்டில் மிரிஸ்ஸவில் திமிங்கிலம் காட்டுவதாக முற்பணம் வாங்குகிறார்கள், கவனம்

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வரப்போகிறார்கள், தெற்குப் பக்கம் சுற்றிக்காட்ட வான் பிடிக்கவேண்டும் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். நீளமான பதிவுதான். காசு போன கதை என்பதால் சுருக்க மனம் வரவில்லை.

பெரியம்மாவின் மகன், ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, இந்த ஆகஸ்ட் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தார். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவது, மிச்ச நாளில் கடலும் காடும் பார்ப்பது என்று திட்டம். வருவதற்கு முன்பே முகநூலில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து புக் பண்ணி, அறுபது வீத முற்பணத்தையும் அனுப்பிவிட்டார். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு மேல்மாடியில் இருக்கிற, சுற்றுலா ஒழுங்கு செய்கிற இடம். பெயர் போடப்போவதில்லை. முறைப்பாடு இன்னும் முடியவில்லை. போட்டாலும் பயனில்லை, ஏனென்று பிறகு சொல்கிறேன்.

அவர்கள் அனுப்பிய பட்டியல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஹிக்கடுவையில் கண்ணாடிப் படகில் பவளப்பாறை, வழியில் ஆமைக் குஞ்சுகள், மிரிஸ்ஸவில் நீலத்திமிங்கிலம், யால தேசியப் பூங்காவில் முழுநாள் சஃபாரி, 'சகல டிக்கெட்டுகளும் உள்ளடக்கம்'. திமிங்கிலத்துக்கு மட்டும் ஆளுக்கு 50 டொலர் என்று தனியாகக் காட்டியிருந்தார்கள்.

அண்ணா வந்திறங்கிய அன்று இரவு இந்தப் பட்டியலை வாசித்துக் காட்டினார். அம்மம்மா பருத்தித்துறைக்காரி. "சோளகம் அடிக்கிற நேரத்தில் ஆர் அங்கால கடலுக்குப் போறது?" என்று கேட்டா. அவர் கேட்டதுதான் முழு விஷயமும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சோளகம் என்பது மே தொடங்கி செப்டெம்பர் வரை அடிக்கிற தென்மேல் பருவக்காற்று. கொழும்பிலிருந்து காலி, மிரிஸ்ஸ, தெவுந்தரமுனை வரை கடல் குமுறிக்கொண்டிருக்கும். அதே மாதங்களில் கிழக்கே நிலாவெளியிலும் பாசிக்குடாவிலும் கடல் படுத்திருக்கும். மார்கழி, தை வந்தால் வடகீழ்க் காற்று, எல்லாம் தலைகீழ். தெவுந்தரமுனைப் பக்கம் ஆழ்கடல் கரைக்குக் கிட்டவே தொடங்குவதால்தான் நீலத்திமிங்கிலங்கள் அவ்வளவு அருகே வருகின்றன. ஆனால் படகில் போய்ப் பார்க்கிற காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் ஆகஸ்ட் வரை பார்க்கவேண்டுமென்றால் திருகோணமலைப் பக்கம் போகவேண்டும். இதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஆகஸ்ட் மாதம் கொழும்பில் கடலோரமாகப் போகிற மரைன் டிரைவில் ஐந்து நிமிடம் நின்று, தண்டவாளத்துக்குக் கீழே கல்லில் அலை அடிக்கிற அடியைப் பார்த்தாலே போதும். மிரிஸ்ஸவிலும் அதே காற்றுத்தான்.

அண்ணா உடனே தொலைபேசி எடுத்துக் கேட்டார். "அண்ணை, இந்த வருசம் கடல் நல்லாயிருக்கு. நேற்றும் ஆக்கள் பார்த்திட்டு வந்தவை" என்று பதில். ரத்துச் செய்தால் முற்பணம் கிடையாது என்றும் சொன்னார்கள். சரி, போவோம் என்று முடிவாகி, நானும் கூடப் போனேன்.

ஹிக்கடுவையில் கரையில் சிவப்புக் கொடி. பாறைக்கு உள்பக்கம் மட்டும் ஒரு படகு ஓடிக்கொண்டிருந்தது, அதில் ஏற்றினார்கள். கண்ணாடிக்குக் கீழே மணல் கலங்கிய தண்ணீர், இடைக்கிடை ஒரு கறுப்புக் கல். உண்மையைச் சொன்னால் நல்ல காலத்தில் போனாலும் விளம்பரத்தில் இருந்த அந்த வண்ணப் பவளம் அங்கே இல்லை. 1998இல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்துப் பெரும்பகுதி செத்துவிட்டது. 2002இல் தேசியப் பூங்காவாக்கியும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. விளம்பரப் படம் எந்த நாட்டுக் கடலோ தெரியாது.

ஆமை விஷயத்தை ஒரே வரியில் முடிக்கிறேன்: குஞ்சு பொரிக்கவைக்கிற நிலையத்துக்குள் போனதும் 'அன்பளிப்பு' என்று ஆளுக்கு ஒரு தொகை கேட்டார்கள், பட்டியலில் அது இல்லை. அதைவிட எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. குஞ்சுகளைத் தொட்டியில் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் எல்லோரது கையிலும் கொடுத்துப் படம் எடுக்கவிடுகிறார்கள். பொரித்தவுடன் கடலுக்கு நீந்துவதற்காக அதன் உடம்பில் இருக்கிற சக்தி தொட்டிக்குள்ளேயே செலவாகிவிடும். உலகில் உள்ள ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து நம் கரைகளில் முட்டையிடுகின்றன, ஐந்தும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிள்ளைகளுக்குக் காட்ட ஆசையென்றால் தங்காலைக்குக் கிட்ட ரெக்கவ கரைக்கு இரவில் போங்கள், தாய் ஆமை தானாக வந்து முட்டையிடுவதைத் தள்ளி நின்று பார்க்கலாம்.

இனி மிரிஸ்ஸ. விடியப்புறம் நாலரைக்குப் பிள்ளைகளை எழுப்பித் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே எங்களை எதிர்பார்த்து ஒருவருமில்லை. திமிங்கிலப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன, சிலது கரையில் ஏற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சாரதி யாருக்கோ தொலைபேசி எடுத்துவிட்டு வந்து, கண்ணைப் பார்க்காமல், "காலநிலை சரியில்லையாம், ரத்தாம்" என்றார். சின்னவன் வாந்திக் குளிசை போட்டுக்கொண்டு வந்தவன், அங்கேயே நித்திரை.

பட்டியலில் படகு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்த அலுவலகம் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே. எட்டு மணிக்குத் திறந்ததும் நான் போய் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார்கள். எங்கள் பெயரில் புக்கிங்கே இல்லை. வெள்ளவத்தையில் இருந்து யாரும் கதைக்கவுமில்லை. "நாங்கள் நவம்பரில்தான் தொடங்குவோம், ஆகஸ்டுக்கு எப்படிப் பதிவோம்?" என்று அந்தப் பிள்ளை என்னைத் திருப்பிக் கேட்டது.

மோசடி எப்படி நடக்கிறது என்று எனக்கு விளங்கியது இந்த இடத்தில்தான். மாசி மாதத்தில் நல்லூர்த் தேர் காட்டுகிறேன் என்று காசு வாங்குவது போல, நடக்காது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை விற்கிறார்கள். படகுக்குக் காசு கட்டுவதே இல்லை. ஆட்களைக் கரைவரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு 'காலநிலை' என்கிறார்கள். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'காலநிலை காரணமாக ரத்தாகும் நிகழ்வுகளுக்குப் பணம் மீளளிக்கப்படமாட்டாது' என்று இருக்கிறது. மழை வந்ததற்கு யாரோடு சண்டை பிடிப்பது என்று பாதிப்பேர் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெளிநாட்டுக்காரருக்குப் பிளேன் பிடிக்கவேண்டும், நின்று வாதாட நேரமில்லை. அதைக் கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்கள்.

சாரதி நல்ல பெடியன், மலையகத்துப் பிள்ளை, நாட்கூலிக்கு ஓடுகிறவர். ஊர் சொல்லமாட்டேன், பிழைப்புப் போய்விடும். பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது, "மே மாசத்துல இருந்து இப்படித்தான் அக்கா. நான் கூட்டிட்டு வந்து காட்டுறது கட்டிக் கெடக்குற படகத்தான்" என்றார்.

யாலவில் வேறு வகையான விளையாட்டு. 'முழுநாள் சஃபாரி' என்றால் காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே போய் மாலை ஆறுக்கு வெளியே வருவது. எங்களைப் பலட்டுப்பான வாசலுக்குக் கொண்டுவந்து விட்டபோது பிற்பகல் மூன்றரை. அதுவே பெரிய ஏமாற்று, ஆனால் டிக்கெட் கவுண்டரில் நடந்ததுதான் உச்சம். 'உள்ளடக்கம்' என்று அவர்கள் கொடுத்தனுப்பியிருந்தது உள்ளூர்வாசிகளுக்கான டிக்கெட் காசு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்குக் கட்டணம் அதைவிடப் பல மடங்கு, அதற்கு மேல் சேவைக் கட்டணம், வாகனக் கட்டணம், வரி எல்லாம் சேரும். புக் பண்ணும்போதே கனடாக் கடவுச்சீட்டின் பிரதியை வாங்கிவைத்துக்கொண்டுதான் இதைச் செய்தார்கள்.

ஜீப்காரர் ஒரு யோசனை சொன்னார். எல்லோரும் கொழும்பு என்று சொல்லுங்கள், அக்காவின் அடையாள அட்டையைக் காட்டுவோம், பிள்ளைகள் மட்டும் வாய் திறக்கக்கூடாது. வித்தியாசத்தில் பாதியை அவருக்குக் கொடுத்தால் சரியாம்! அண்ணா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். பிடிபட்டால் மாட்டுவது நாங்கள், ஜீப்காரர் இல்லை. முழுக் காசையும் கையிலிருந்து கட்டி உள்ளே போனோம். சிறுத்தை ஒன்று தெரிந்ததாம், அந்த ஒரு மரத்தைச் சுற்றி ஜீப்புகள் முட்டிமோதி நின்றன. எங்களுக்கு வால் மட்டும் கிடைத்தது. பிள்ளைகளுக்கு முதலையும் மயிலும் பிடித்துப்போனதால் அழுகை வரவில்லை.

(இதையும் தெரிந்துவைத்திருங்கள்: யால முதலாம் வலயத்தைப் பெரும்பாலான வருடங்களில் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை வரட்சிக்காக மூடுவார்கள். அந்த நாட்களுக்கும் 'யால' என்று விற்கிறார்கள். அப்போது யானை பார்க்க விரும்புபவர்கள் உடவளவைக்குப் போகலாம், அங்கே வருடம் முழுவதும் யானை உண்டு.)

கொழும்புக்கு வந்ததும் நான் அந்த மேல்மாடிக்குப் போனேன். முதலில் சிரிப்பு, தேத்தண்ணி, "அக்கா, கடலை நாங்கள் என்ன செய்யிறது?" என்றார் பொறுப்பாளர் தம்பி. படகு அலுவலகத்தில் புக்கிங்கே இல்லை என்றேன். சிரிப்பு நின்றது. புக்கிங் பண்ணிய பற்றுச்சீட்டைக் காட்டச் சொன்னேன். கணக்காளர் லீவு என்றார். யாலவில் நாங்கள் கட்டிய டிக்கெட்டுகளை மேசையில் வைத்தேன். அதற்கு ஒரு பகுதியைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். இன்றுவரை ஒரு சதம் வரவில்லை. இரண்டு வாரத்தில் வாட்ஸ்அப்பில் என்னையும் அண்ணாவையும் தடுத்துவிட்டார்கள். முகநூல் பக்கமும் காணாமல் போனது.

விளம்பரத்தில் 'அரச பதிவு பெற்றது' என்று ஓர் இலக்கம் பெரிதாகப் போட்டிருந்தார்கள். விசாரித்தால் அது வெறும் வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் அதைத்தான் எடுப்பார்கள். பயண முகவர் என்றால் இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிந்திருக்கவேண்டும். அந்தச் சபையின் இணையத்தளத்தில் பட்டியல் இருக்கிறது, 1912க்கு அழைத்தும் கேட்கலாம். நாங்கள் அங்கேயும், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இரண்டாவதன் இலக்கம் 1977. இரண்டு இடத்திலும் முதலில் கேட்டது எழுத்தில் உள்ள பட்டியல், காசு அனுப்பிய வங்கிச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல். ஆகவே ஒன்றையும் அழித்துவிடாதீர்கள். வாயால் சொன்னதை எல்லாம் குறுஞ்செய்தியாக ஒருமுறை எழுதி வாங்குங்கள். குறிப்பாக டிக்கெட் 'உள்ளடக்கம்' என்றால் உள்ளூரா, வெளிநாட்டவரா என்பதை. கடல் விஷயமென்றால் படகு அலுவலகத்துக்கு நீங்களே நேரில் பேசுங்கள், இரண்டு நிமிட வேலை. வனஜீவராசிகள் திணைக்களத்தின் டிக்கெட்டை இணையத்திலும் வாசலிலும் நாமே வாங்கலாம், இடையில் ஆள் தேவையில்லை.

அண்ணாவின் விடுமுறை முழுக்கப் பாழாகவில்லை. தெஹிவளையில் தெரிந்த ஒருவரின் வானை நாள் வாடகைக்குப் பிடித்துத் திருகோணமலைக்குப் போனார்கள். போகிற வழியில் ஹபரணையில் ஜீப் எடுத்து மின்னேரியா. ஆகஸ்ட், செப்டெம்பரில் குளம் வற்றி ஓரத்தில் புல் முளைக்கும்போது யானைகள் கூட்டமாக அங்கே இறங்கும், தண்ணீர் வற்றாத வருடங்களில் குறையும். இவர்களுக்கு அதிர்ஷ்டம், குட்டிகளோடு நிறைய நின்றனவாம். நிலாவெளியில் கரையிலேயே வனஜீவராசிகள் திணைக்களத்தின் கவுண்டரில் புறாமலைத் தீவுக்கு டிக்கெட், படகுக்குத் தனிக் காசு, உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்கவேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் கறுப்புத் துடுப்புள்ள சின்னச் சுறாக்களைப் பார்த்துவிட்டுச் சின்னவன் எனக்குத் தொலைபேசி எடுத்து அரை மணித்தியாலம் கதைத்தான். அங்கேயும் ஆட்கள் பவளத்தின் மேல் ஏறி நிற்கிறார்கள், அது வேறு கவலை. மொத்தச் செலவு அந்தத் தெற்குப் பயணத்தில் பாதிகூட வரவில்லை.

இனி, பெயர் ஏன் போடவில்லை என்பது. போன கிழமை முகநூலில் புதிய பெயரில் ஒரு பக்கம் என் கண்ணில் பட்டது. படங்கள் அதே படங்கள். 'டிசம்பர் விடுமுறைச் சலுகை: நிலாவெளி, புறாமலை, பாசிக்குடா'. மார்கழியில், வடகீழ்க் காற்றும் மழையும் அடிக்கிற நேரத்தில் கிழக்குக் கடல்! தங்கச்சியின் இலக்கத்திலிருந்து, அந்த நேரம் கடல் எப்படி என்று கேட்டு எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "சூப்பராய் இருக்கும் அக்கா, பிள்ளையள் பயமில்லாமல் குளிக்கலாம். முற்பணம் போட்டால் இண்டைக்கே படகு புக் பண்ணலாம்." கீழே அனுப்பியிருந்த வங்கிக் கணக்கு இலக்கம், அண்ணா காசு போட்ட அதே இலக்கம். அந்தச் செய்தியையும் முறைப்பாட்டோடு சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.