கேட்டிலிருந்து லேப் வரை: நடையா, சைக்கிளா, பைக்கா, பேட்டரி வண்டியா?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கல்லூரிகள் பலவும் ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. செட்டிக்கரை, பைசுஅள்ளி, பர்கூர், எங்கே எடுத்தாலும் இதே கதை. டவுன் பஸ் கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கு மேல் உள்ளே போவது அவரவர் பாடு. எங்கள் வளாகத்தில் கேட்டுக்கும் டிபார்ட்மென்ட் வாசலுக்கும் நடுவே 900 மீட்டர். இந்த 900 மீட்டருக்கு எது சரி என்று ஹாஸ்டலில் சண்டை வந்து, கடைசியில் ஒரு வாரம் செல்போனில் நேரம் பார்த்தே தீர்த்துக்கொண்டோம். செக்யூரிட்டி மேஜை தொடக்கம், லேப் கதவு முடிவு.

நான் நடந்தேன், 11 நிமிடம். ரூம்மேட் பைக்கில் வந்தான். 2 நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று பந்தயம் கட்டியவனுக்கு ஏழரை நிமிடம் ஆனது. ஓட்டியது என்னவோ 2 நிமிடம்தான். கேட்டில் ஐடி கார்டு காட்ட வரிசை, வழியில் ஐந்து ஸ்பீடு பிரேக்கர், அப்புறம் ஷெட். ஷெட் இருப்பது கேன்டீனுக்குப் பின்னால். ஏற்கெனவே நெருக்கி நிறுத்தியிருக்கும் இரண்டு வண்டியின் ஹேண்டிலைத் திருப்பி, நடுவில் நம் வண்டியைச் சொருகி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, அங்கிருந்து 250 மீட்டர் திரும்ப நடக்க வேண்டும். ஆக பைக்காரனும் நடக்கத்தான் செய்கிறான், வெயிலில்.

எங்கள் இரண்டு பேரையும் தோற்கடித்தது சைக்கிள். 5 நிமிடம். அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கும்போது கொடுத்த அதே சைக்கிள். கேட்டில் யாரும் நிறுத்துவதில்லை, லேப் படிக்கட்டு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகலாம். இப்படிப்பட்ட சைக்கிள் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் சும்மா சாத்திவைக்கப்பட்டிருக்கிறது. ஏன்டா எடுத்து வரவில்லை என்று கேட்டால், சீமைக்கருவேல முள் குத்திப் பஞ்சராகும் என்பார்கள். பஞ்சர் ஆவது நிஜம். ஆனால் உண்மைக் காரணம் வேறு: “ஸ்கூல் பையன் மாதிரி இருக்கும் மச்சான்.” இந்தக் கௌரவத்துக்கு மருந்து கிடையாது. சென்னை ஐஐடியில் மாணவர்கள் பைக் வைத்துக்கொள்ளவே கூடாது. அங்கே சைக்கிள் யாருக்கும் கௌரவக் குறைச்சலாகத் தெரிவதில்லை.

பேட்டரி வண்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வந்தால் 4 நிமிடம், எப்போது வரும் என்பது டிரைவர் அண்ணாவுக்கே தெரியாது. காலில் கட்டுப் போட்டவர்களுக்கும், மகளைப் பார்க்க மூட்டையோடு வரும் அம்மாக்களுக்கும் அது கட்டாயம் வேண்டும். நாம் ஏறி இடத்தை அடைக்க வேண்டியதில்லை.

செலவுக் கணக்கில் பைக் இன்னும் கீழே போகிறது. காலை, மதியச் சாப்பாடு, மாலை என்று வளாகத்துக்குள்ளேயே நாளைக்கு 4 கிலோமீட்டர். 25 நாளைக்கு 100. லிட்டருக்கு 50 கொடுத்தாலும் 2 லிட்டர் பெட்ரோல், 200 ரூபாய்க்குக் குறையாது. இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுவதால் அந்த 50-ம் கிடைக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு. 300 பைக் என்று வைத்துக்கொண்டால், கேட்டைத் தாண்டாமலே மாதம் ஒன்றே கால் டன்னுக்கு மேல்.

பாதுகாப்புக்கு வருவோம். நடை ஆபத்தில்லாதது என்று மொட்டையாகச் சொல்லிவிட முடியாது. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். நடப்பவன் யாரையும் இடித்துக் கொல்வதில்லை, அவனைத்தான் இடிக்கிறார்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருபவன் பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று நினைக்கும் அந்த ஒரு நொடியிலேயே வண்டி 11 மீட்டர் ஓடிவிடும். 20-இல் வந்தால் ஐந்தரை மீட்டர்தான், மோதினாலும் அடியின் ஆற்றல் நாலில் ஒரு பங்கு. எங்கள் வளாகத்தில் நடைபாதை இருக்கிறது. சாலை எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் கணக்குப்படி தடையில்லாமல் 1.8 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் நடைபாதையில் பாதியைப் பூந்தொட்டி பிடித்துக்கொண்டது, மீதியை ஷெட்டில் இடம் கிடைக்காத பைக்குகள். நடப்பவர்கள் ரோட்டில்.

அடுத்தது நிழல். சித்திரை மாதம் மதியம் 2 மணிக்கு 11 நிமிட நடை என்றால் சட்டை பிழியலாம், அந்த நேரத்துக்கு என் ஓட்டு நடைக்கு இல்லை. ஆனால் லைப்ரரி பக்கத்து வழி நெடுக யாரோ புண்ணியவான் புங்கமரம் வைத்திருக்கிறார். புங்கனும் வேம்பும் வெயில் உச்சத்துக்குப் போகும் முன்பே புதுத் தளிர் விட்டுவிடும். மெயின் ரோட்டில் அழகுக்கென்று வைத்த மே ஃபிளவர் மரங்கள் அதே சமயம் மொட்டையாக நிற்கும். லைப்ரரி வழி 150 மீட்டர் சுற்று. சுற்றிப் போனாலும் சட்டை நனைவதில்லை.

என் தீர்ப்பு இதுதான்: ஒரு கட்டடத்திலிருந்து அடுத்த கட்டடத்துக்கு நடை, ஹாஸ்டல் டு கேட் சைக்கிள், பைக் மழை நாளைக்கு மட்டும். இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். லைப்ரரியில் ஏழு மணி வரை படித்துவிட்டு லேடீஸ் ஹாஸ்டல் போகும் ஒரு தோழி குறுக்கிட்டாள். “உன் கணக்கெல்லாம் பகலுக்குப்பா. அந்தப் புங்கமரத்து வழியில மூணு லைட் எரியல, நாலு நாய் படுத்திருக்கு. ராத்திரி நடைக்கு நான் மார்க் போட மாட்டேன்.”

மனு எழுதிக் கொடுத்தோம். இரண்டு விளக்கு வந்துவிட்டது. இப்போதாவது மார்க் போடுவாயா என்று கேட்டேன். மூணாவது எரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறாள்.