சிறு காலிபர் வேட்டை ரைஃபிள்களுக்கு முதல் சப்ரெஸர்: பல பருவங்கள் பயன்படுத்தியபின் தெரிபவை

.22 எல்ஆர் ஒன்று, .223 ரெமிங்டன் ஒன்று, .243 வின்செஸ்டர் ஒன்று. சிறு பிராணி வேட்டைக்காரர்கள் பலருடைய அலமாரியில் இருக்கும் கூட்டணி இதுதான். மூன்றுக்கும் சேர்த்து ஒரே சப்ரெஸர் (பேரல் முனையில் மாட்டும் ஒலியடக்கி) வாங்கலாமா என்பதுதான் முதல் கேள்வியாக வரும். வாங்கலாம், ஆனால் மூன்றுக்கும் அல்ல, இரண்டுக்கு. .22 எல்ஆரை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். காரணம் கீழே வருகிறது.

தொடங்குமுன் சட்டம். சில நாடுகளில் இது சாதாரண வேட்டைக் கருவி, சில நாடுகளில் முழுத் தடை. அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டு தேசியச் சுடுகருவிச் சட்டத்தின்கீழ் வரிசை எண்ணோடு உரிமையாளர் பெயரில் பதிவாகும் பொருள் இது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த வாரம் மாற்றிக்கொள்ள முடியாது. முதல் தேர்வை நிதானமாகச் செய்ய அதுவே போதுமான காரணம்.

எது அதிகச் சத்தத்தைக் குறைக்கிறது என்று டெசிபல் அட்டவணையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் பார்க்க வேண்டியது சப்ரெஸரில் குண்டு கடந்துபோகும் துளை. .223-இன் குண்டு 5.7 மி.மீ., .243-இன் குண்டு 6.17 மி.மீ. இரண்டு ரைஃபிளின் முனையிலும் ஒரே மரை இருக்கலாம். ஐரோப்பியத் தயாரிப்புகளில் எம்14x1 (14 மி.மீ. விட்டமுள்ள மரை) இரண்டிலும் வருகிறது. ஆபத்து அங்கேதான். .22 துளைக்கென்று (.223-க்குப் பொருந்தும் அளவு) செய்த சப்ரெஸர் .243 பேரலில் அழகாக ஏறி இறுகும். ஆனால் உள்ளே செல்லும் குண்டைச் சுற்றி இடைவெளி மிச்சமிருக்காது. உள்ளே வாயுவைத் தடுக்கும் தடுப்புத் தட்டில் குண்டு உரசினால் முதல் சூட்டிலேயே கருவி பாழ், சில சமயம் பிளந்தும் போகும். மரை ஏறுகிறது என்பதாலேயே சுடலாம் என்று ஆகிவிடாது. அதனால் இருப்பதிலேயே பெரிய துளையுள்ள ரைஃபிளுக்குப் பொருந்துவதாகவே முதல் சப்ரெஸர் இருக்கட்டும். நாளைக்கு 6.5 கிரீட்மோர் ஒன்று சேரலாம் என்ற நினைப்பிருந்தால் இன்றே 6.5 காலிபருக்கென்று செய்த சப்ரெஸரை வாங்கிவிடுங்கள். அதை .223-இல் போட்டுச் சுட்டால் ஓரிரண்டு டெசிபல் கூடுதலாகக் கேட்கும். வயலில் நின்று சுடுபவரின் காதுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

முன்மூடியை மாற்றிக் காலிபருக்கேற்பத் துளையைச் சுருக்கும் வகைகளும் கிடைக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் .22 மூடியோடு விட்டுவிட்டு .243-இல் மாட்டினால் மேலே சொன்ன அதே விபத்து. பெரிய மூடியையே நிரந்தரமாக வைத்துக்கொள்வது நிம்மதி.

அடுத்தது அழுத்தம். .22 எல்ஆருக்கு அமெரிக்கத் தோட்டாத் தர அமைப்பான சாமி (SAAMI) வகுத்த உச்ச வரம்பு 24,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு). .223-க்கு 55,000, .243-க்கு 60,000, .223-இன் அதே அளவு குண்டை இன்னும் வேகமாகச் செலுத்தும் .22-250-க்கு 65,000. ரிம்ஃபயருக்கென்று (.22 எல்ஆர் போல, தோட்டாவின் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) அலுமினியத்தில் செய்த 100, 150 கிராம் சப்ரெஸரை .223-இல் மாட்டவே கூடாது. இரண்டு ரைஃபிளிலும் 1/2-28 மரையே (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று) வழக்கம் என்பதால் அவசரத்தில் கை மாறிப்போக வாய்ப்புண்டு. ரிம்ஃபயர் சப்ரெஸரின் உடலில் வண்ண டேப் ஒரு சுற்று ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

தலைகீழாக, சென்டர்ஃபயர் (.223, .243 போல, தோட்டாவின் நடுவில் அடித்து வெடிக்கும் வகை) சப்ரெஸரை .22 எல்ஆரில் மாட்டினால் என்ன? உடையாது. அழுக்கால் கெடும். .22 எல்ஆர் குண்டு பெரும்பாலும் உறையில்லாத ஈயம். ஒவ்வொரு சூட்டிலும் ஈயத் துணுக்கும் மெழுகும் கரியும் தட்டுகளில் படிகின்றன. சென்டர்ஃபயர் வகைகளில் பல முழுதும் வெல்ட் செய்து மூடியவை, திறந்து சுரண்ட வழியில்லை. எடை ஏறிக்கொண்டே போகும், உள்ளிருக்கும் இடம் சுருங்கும். .22-க்குக் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய தனி சப்ரெஸர் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். இன்னொரு ரிம்ஃபயரான .17 எச்எம்ஆர் உறையிட்ட குண்டு என்பதால் அதற்கு இவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

பொருளைப் பற்றி. தோளில் போட்டு நடக்கும் போல்ட் ரைஃபிளுக்கு (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் வகை) டைட்டானியம்தான் சரி. பேரல் முனையில் 250 கிராமுக்கும் 450 கிராமுக்கும் உள்ள வித்தியாசம் கடையில் கையில் எடுக்கும்போது தெரியாது. நின்றபடி குறிவைத்து அரை நிமிடம் காத்திருக்கும்போது தெரியும். டைட்டானியத்தின் பலவீனம் வெப்பம். கடுமையாகச் சூடேறினால் வலு குறையும், இருட்டில் பொறியும் பறக்கும். வேட்டையில் இரண்டு மூன்று தோட்டாவுக்கு மேல் தொடர்ந்து போவதில்லை, பிரச்சினையில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்து .22-250-ஆல் மணிக்கணக்கில் சுடுபவர் என்றால் முதல் தட்டாவது வெப்பம் தாங்கும் 17-4 ஸ்டீலிலோ இன்கொனெல் உலோகக் கலவையிலோ இருக்கும் வகையைப் பாருங்கள். கூடுதல் எடை அங்கே குறையல்ல.

மாட்டும் முறையில் எங்கள் தீர்ப்பு நேரடி மரை. சட்டென்று கழற்றும் பூட்டு வகை போல்ட் ரைஃபிளுக்குக் கூடுதல் எடை, கூடுதல் நீளம். பேரல்களின் மரை வேறு வேறாக இருந்தால் (ஒன்று 1/2-28, மற்றது 5/8-24) பின்புறத்தில் 1.375-24 மரை கொண்ட ஹப் வகை சப்ரெஸர் வாங்கி, இரண்டு அளவுக்கும் தனித்தனி இணைப்பு வைத்துக்கொள்ளலாம். மலிவான மரை மாற்றி வளையங்களை மட்டும் தவிருங்கள். ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கோணலைச் சேர்க்கும். முனையில் மயிரிழைக் கோணல் 18 செ.மீ. தள்ளி முன்மூடியில் பெரிதாகிவிடும்.

புதிதாக மரை வெட்டுவதானால் பட்டறையில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்லுங்கள். மரையின் மையம் பேரலின் வெளிவட்டத்தோடு அல்ல, உள்துளையோடு ஒத்துப்போக வேண்டும். மரைக்குப் பின்னுள்ள தோள் (பேரல் தடிக்கத் தொடங்கும் படி) துளைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சப்ரெஸரை நேராக நிறுத்துவது மரை அல்ல, அந்தத் தோள்தான். மெல்லிய பேரலில் 1/2-28 வெட்டினால் .243-க்குச் சுவர் பக்கத்துக்கு 2.7 மி.மீ. அளவில் நிற்கும், போதுமானது. அதே மரையை .308-க்கு வெட்டினால் 1.9 மி.மீ.க்கும் கீழே போய்விடும்.

முதல் முறை மாட்டியதும் சுடாதீர்கள். போல்ட்டைக் கழற்றி, அந்தக் காலிபருக்கான நேர்க்கோட்டுக் கம்பியைப் பின்புறமிருந்து செருகி, முன்மூடித் துளையை நேருக்கு நேர் பாருங்கள். கம்பியைச் சுற்றி வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே அகலத்தில் வளையமாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறை போல ஒல்லியாகி விளிம்பைத் தொட்டால் அதை அப்படியே கழற்றி வையுங்கள். நசுங்கும் வகை வாஷர் நடுவில் இருந்தால் எடுத்துப் போடுங்கள். அது ஒருபோதும் சீராக நசுங்காது, கோணலுக்குப் பாதி நேரம் அதுவே காரணம்.

இனி குறி. சப்ரெஸர் மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும். முனையில் எடை கூடினால் பேரல் அதிரும் விதம் மாறுகிறது. மாறுவது தவறில்லை, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்கு மாற வேண்டும், அவ்வளவுதான். 100 மீட்டரில் வெறும் பேரலோடு ஐந்து, மாட்டியபின் ஐந்து சுடுங்கள். பிறகு முழுதாகக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி ஐந்து. இதை மூன்று தடவை செய்தால் ரைஃபிளின் குணம் புரிந்துவிடும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் எத்தனை கிளிக் மேலே, எத்தனை கிளிக் இடது என்று எழுதி ஸ்டாக்கில் ஒட்டிவிடுங்கள். மாட்டுமுன் தோளையும் மரையையும் துணியால் துடைப்பது முக்கியம். தோளில் ஒட்டிய ஒரு கரித்துகள் குழுவை (குண்டுகள் சேர்ந்து விழும் இடத்தை) மாற்றப் போதும்.

நேரடி மரையின் குறை, சூட்டில் தளர்வது. ஐந்து சூட்டுக்கு ஒருமுறை, கையுறை போட்டு, இறுக்கிப் பாருங்கள். நன்றாகக் குழு போட்ட ரைஃபிள் திடீரென்று ஒரு குண்டைத் தனியே எறிந்தால் ஸ்கோப்பைத் திருகாதீர்கள், முதலில் சப்ரெஸரைத் தொட்டுப் பாருங்கள். முன்மூடித் துளையின் விளிம்பில் புதிதாகப் பளபளக்கும் கீறல் இருந்தால் உரசல் நடந்துவிட்டது, அதோடு நிறுத்த வேண்டும்.

சத்தத்தைப் பற்றி உண்மையான எதிர்பார்ப்பு வைத்துக்கொள்ளுங்கள். வெறும் .223 சுமார் 165 டெசிபல். நல்ல சப்ரெஸர் 25 முதல் 30 வரை குறைக்கும். காதுக்கு ஆபத்து என்று கொள்ளும் 140 கோட்டுக்குச் சற்றுக் கீழே வருகிறது, காதடைப்பைக் கழற்றும் அளவுக்கு அல்ல. ஒலியை மிஞ்சிப் பறக்கும் குண்டின் வெடிப்பொலியை எந்த சப்ரெஸராலும் தொட முடியாது. .22 எல்ஆரில் ஒலிவேகத்துக்குக் குறைந்த தோட்டா போட்டால்தான் அமைதி. அதிலும் வானிலை உண்டு. 20 டிகிரியில் ஒலிவேகம் நொடிக்கு 343 மீட்டர், உறைநிலையில் 331. நொடிக்கு 335 மீட்டர் போகும் தோட்டா மாலையில் மெதுவாக ஒலித்து, உறைபனிக் காலையில் வெடிக்கும். இன்னொன்று: உள்ளே காற்று நிறைந்திருப்பதால் முதல் சூடு மட்டும் சற்று உரக்கக் கேட்கும். கோளாறு அல்ல.

.223-க்கு ஒலிவேகத்துக்குக் குறைந்த தோட்டா வாங்கும் ஆசை பலருக்கு வரும். 1:12 முறுக்குள்ள (12 அங்குலத்தில் குண்டு ஒரு சுற்றுச் சுழலும்) பேரலில் அந்தக் கனமான குண்டு நிலைப்படாமல் ஆடும். ஆடும் குண்டு தட்டில் இடிக்கும். விட்டுவிடுங்கள்.

பராமரிப்பு. ரிம்ஃபயர் சப்ரெஸரை 300 முதல் 500 சூட்டுக்குள் திறந்துவிட வேண்டும். தாமதித்தால் தட்டுகள் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். ஈயத்தூசி பறக்காதபடி எண்ணெயில் நனைத்து, கையுறையோடு, வெளியில் வைத்துச் செய்யுங்கள். வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறவைப்பது வேண்டவே வேண்டாம். ஈயம் கரைந்து ஈய அசிடேட் ஆகும், அது தோல் வழியாகவும் உடலில் ஏறும் நஞ்சு. சென்டர்ஃபயர் வகைக்கு வாங்கிய அன்றே தராசில் எடை குறித்து வையுங்கள். அந்த எண்ணிலிருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதே எப்போது கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிடும்.

வேட்டை முடிந்ததும் சப்ரெஸரை ரைஃபிளிலேயே விட்டு உறையில் போடாதீர்கள். சூட்டின் வாயுவில் நீராவி உண்டு. குளிர்ந்ததும் உள்ளே துளித்துளியாகி, கரியோடு கலந்து, பேரல் முனைக்கே இறங்கும். டைட்டானியம் துருப்பிடிக்காது, பேரலின் முனைவிளிம்பு பிடிக்கும், குறி கெடுவது அங்கிருந்துதான். கழற்றி, நிமிர்த்தி, திறந்தவெளியில் ஓர் இரவு வைக்க வேண்டும். பேரலுக்குள் எண்ணெயிட்ட துணி ஒருமுறை, மரையில் சூடுதாங்கும் கிரீஸ் மெல்லிய பூச்சு, அதன்மேல் மரைமூடி.