உறை இல்லாத பிரைமரை வாங்கி நான் பட்ட பாடு

2021இல் அமெரிக்காவில் பிரைமருக்கு, அதாவது தோட்டாவின் அடியில் உட்கார்ந்து பவுடரைப் பற்றவைக்கிற துளிக் குப்பிக்கு, எப்படித் தட்டுப்பாடு இருந்தது என்று ரீலோடிங் (சுட்ட தோட்டாக் கூட்டில் வீட்டிலேயே மறுபடி மருந்து நிரப்புவது) செய்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கொரோனாவுக்கு முன்னால் ஆயிரம் பிரைமர் 30, 35 டாலருக்கு வாங்கியிருக்கிறேன். அந்த வருஷம் 100 டாலரை நீட்டினாலும் கடையில் அலமாரி காலி. அந்த ஆத்திரத்தில்தான் இங்கே டெக்சாஸில் ஒரு கன் ஷோவில் (துப்பாக்கிச் சந்தை) மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் 130 டாலர் ரொக்கமாகக் கொடுத்து ஏமாந்தேன். ரசீது கிடையாது.

பத்துத் தட்டு, தட்டுக்கு நூறு. கம்பெனி உறை எதுவும் இல்லை, மொத்தத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து மேலே மார்க்கரில் 'ஸ்மால் ரைஃபிள்' என்று எழுதியிருந்தார். எந்த கம்பெனி, என்ன நம்பர் என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரே சைஸ்தான், தைரியமாகப் போடு என்றார். சைஸ் ஒன்றுதான், அதில் பொய் இல்லை. ஸ்மால் பிஸ்டல் பிரைமர்கூட அதே 0.175 அங்குலம்தான், ரைஃபிள் கேஸில் (தோட்டாவின் கூடு) வைத்தால் அழகாகப் போய் உட்காரும். பிரைமரை மூடியிருக்கும் தகட்டின் கனம்தான் வேறு. சிறு வயதில் பொட்டு வெடியைக் கல்லால் தட்டுவோமே, பிரைமரும் கிட்டத்தட்ட அதே சங்கதிதான், ஆனால் வெடித்த பிறகு பின்பக்கம் வருகிற அழுத்தத்தையும் அந்தத் துளித் தகடுதான் தாங்க வேண்டும். .223 ரெமிங்டன் என்கிற ரைஃபிள் தோட்டாவில் அது 55,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை போகும்.

என்னுடையது .223 சுடுகிற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், தோட்டாவுக்குப் பின்னால் மூடுகிற போல்ட்டை ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். பவுடர் கையேட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்கு வெகு கீழேதான் இருந்தது. முதல் பத்து ரவுண்டில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஒன்றைச் சுட்டபோது முகத்தில் சுரீரென்று சூடான காற்று அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கேஸை வெளியே எடுத்துப் பார்த்தால் பிரைமரின் நடுவில் ஊசியால் குத்தியது போல ஒரு ஓட்டை, சுற்றிலும் கரி. ஏற்கெனவே சுட்டுப் போட்ட கேஸ்களைப் பொறுக்கிப் பார்த்தேன், இன்னும் இரண்டில் அதே ஓட்டை. பிரைமரைக் குத்துகிற ஃபயரிங் பின்னின் முனை அரித்துப்போய், போல்ட் முகப்பிலும் குழி விழுந்திருந்தது. துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்துக்கு அழுத காசில் நல்ல பிரைமர் இரண்டாயிரம் வாங்கியிருக்கலாம், அந்த பஞ்ச விலையிலேயே!

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தபோதுதான் அடியில் ஒரே ஒரு தட்டு உறையோடு கிடந்தது. ரெமிங்டன் 6½. அதன் தகடு மெல்லிசு, .22 ஹார்னெட் மாதிரி அழுத்தம் குறைந்த தோட்டாவுக்கானது; .223க்குப் போடாதே என்று கம்பெனியே சொல்கிறது. .223க்கு அவர்களுடையதே 7½ தனியாக இருக்கிறது. உறையைக் கழற்றியவருக்கு இது தெரியாது என்று என்னை நம்பச் சொல்லாதீர்கள்.

ஏஆர்-15 (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) வைத்திருப்பவர்கள் இன்னும் உஷாராக இருங்கள். அதில் ஃபயரிங் பின்னைப் பிடித்து நிறுத்த ஸ்பிரிங் கிடையாது, போல்ட் ஓடி வந்து மூடும்போதே பின் முன்னால் வந்து பிரைமரை லேசாகத் தட்டும். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில், ஏற்றிய ரவுண்டைச் சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள், சின்னதாக ஒரு பள்ளம் தெரியும். அங்கே தகடு மெல்லிசாக இருந்தால், டிரிகரைத் தொடாமலே வெடிக்கிற ஆபத்து இருக்கிறது. சிசிஐ கம்பெனியின் 41ஆம் நம்பர் பிரைமர் போன்றவை இந்த மாதிரித் துப்பாக்கிகளுக்காகவே வருகின்றன. விலை கொஞ்சம் கூட, பரவாயில்லை.

இன்னொன்று, தட்டிலிருந்து கொட்டி டப்பாவிலோ பாட்டிலிலோ மொத்தமாக விற்றால் பக்கத்திலேயே போகாதீர்கள். ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். தட்டில் தனித்தனிக் குழியில் அடுக்கி வருவதே அதற்காகத்தான்.

அடுத்த கன் ஷோவுக்கு அந்த உறையையும் ஓட்டை விழுந்த கேஸ்களையும் எடுத்துக்கொண்டு போனேன். ஆள் இருந்தார். பிரைமரை யாரும் திருப்பி வாங்குவதில்லை என்றார், அதுவும் உண்மைதான், நல்ல கடையில்கூட வாங்க மாட்டார்கள். இந்த பிரைமரைப் போட்டு ஏற்கெனவே செய்து வைத்திருந்த 180 ரவுண்டையும் இரண்டு வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மிச்சத் தட்டுகள் அப்படியே கிடக்கின்றன. ஹார்னெட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. உறை இருந்தது ஒரு தட்டுக்கு மட்டும்தானே, மற்ற ஒன்பதும் 6½தான் என்று நான் எப்படிச் சொல்ல?