ஃபைல் மேனேஜரும் அதன் கையேடும்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அழைப்பிதழ் வடிவமைக்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினிகளை விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸுக்கு மாற்றிப் பல வருடமாகிறது. டிசைன் மென்பொருளைவிட நாள் முழுக்க அதிகம் புழங்குவது, கோப்புகளைத் திறக்க, நகர்த்த, அழிக்க உதவும் ஃபைல் மேனேஜரில்தான். வேகத்தில் குறையில்லை. இரண்டு ஃபோல்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளும் வசதி இல்லாமல் இனி என்னால் வேலை பார்க்க முடியாது. பாடுபடுத்தியது அதன் கையேடு.

"அழித்த கோப்புகள் குப்பைத்தொட்டிக்குச் செல்லும்" என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். எந்தக் குப்பைத்தொட்டி? ஏற்காட்டிலிருந்து வந்த அம்மா ஒருவர், "இதுல இருக்கிற பழைய போட்டோவெல்லாம் அழிச்சிடுங்க தம்பி, அப்புறம் பத்திரிகைய ஏத்திக் குடுங்க" என்று பென்டிரைவைக் கொடுத்தார். கடைப் பையன் கையேட்டில் உள்ளபடியே அழித்தான். ஆனால் பென்டிரைவில் இடம் துளிகூடக் கூடவில்லை. கன்ட்ரோல் எச் அழுத்தி மறைந்திருப்பதைக் காட்டச் சொன்னால், புள்ளியில் தொடங்கும் 'ட்ராஷ்-1000' என்ற ஃபோல்டருக்குள் அத்தனை போட்டோவும் இருக்கிறது. பென்டிரைவில் அழித்தது பென்டிரைவிலேயேதான் தங்கும். அந்த 1000 பெரும்பாலும் கணினியின் முதல் பயனருக்குரிய எண். பெயருக்கு முன்னால் புள்ளி வைத்து மறைப்பது லினக்ஸ் வழக்கம்; விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. அந்தப் பென்டிரைவை வேறு கடையில் செருகினால் குடும்பப் படங்கள் பளிச்சென்று தெரியும். இதைச் சொல்லாமல் விடுவது பெரிய தவறு என்றே நினைக்கிறேன்.

கையேட்டைப் பராமரிப்பவர்களுக்குத் திருத்தம் அனுப்பினேன்: "பென்டிரைவில் அழித்தவை அதிலேயே இருக்கும். இடம் வேண்டுமானால், கழற்றும் முன் குப்பைத்தொட்டியைக் காலி செய்யவும். நேரடியாக நீக்க ஷிஃப்ட் டெலீட். அப்படி நீக்கியதைக் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்க முடியாது." எச்சரிக்கையை முதலில் வைக்கச் சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். அவர்கள் சொன்னது சரி. அவசரத்தில் படிப்பவர் முதல் வரியைத் தாண்டமாட்டார்.

அடுத்தது கோப்பின் பெயர். "255 எழுத்துகள் வரை" என்று போட்டிருந்தது. மணமகன், மணமகள், ஊர், தேதி எல்லாம் சேர்த்துத் தமிழில் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். விண்டோஸ் கணினியில் வைத்த அப்படிப்பட்ட பெயர்கள் இங்கே காப்பி ஆகாமல் நின்றன. லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 என்ற சேமிப்பு முறையில் அமைத்த வட்டில் வரம்பு 255 எழுத்து அல்ல, 255 பைட்; பைட் என்பது கணினி சேமிப்பை அளக்கும் சிறு அலகு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றி வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் கணக்கு. செவ்வாய்ப்பேட்டை நம் கண்ணுக்கு 8 எழுத்து, வட்டுக்கு 48 பைட். ஆக, ஐம்பது எழுத்துக்கு உள்ளேயே பல பெயர்கள் முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவருக்கு இது தெரியவே வராது. நாம்தான் சொல்லவேண்டும். அந்த வரியையும் இந்த உதாரணத்தோடு மாற்றி எழுதினேன், இப்போது கையேட்டில் இருக்கிறது.

ஒரே பெயருள்ள இரண்டு ஃபோல்டர்களைச் சேர்க்கும் பகுதி இன்னும் குழப்பம்தான். 'இணை' என்று கொடுத்தால் பழைய ஃபோல்டரில் மட்டும் இருக்கும் கோப்புகள் அப்படியே இருக்குமா என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. இருக்கும், இரண்டிலும் ஒரே பெயரில் உள்ளவற்றுக்கு மட்டும் மேலெழுதலாமா என்று கேட்கும். படத்தோடு விளக்கி அனுப்பியிருக்கிறேன். அது சேரும்வரை, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு வாயால் சொல்லித்தான் கொடுக்கிறேன்.