லாரா கிராஃப்ட்: ஜோலியா, விகாந்தரா?

கும்பகோணத்தில் சித்தி வீட்டுக் கூடத்தில் தங்கச்சிக்கும் எனக்கும் இதே சண்டை: பழங்காலக் கல்லறைகளில் புதையல் தேடும் லாரா கிராஃப்டின் 'டூம் ரெய்டர்' படம் போடலாம், ஆனால் லாராவாக யார் நடித்தது?

கெத்து: ஏஞ்சலினா ஜோலி (2001). தொடையில் ரெட்டைத் துப்பாக்கி, எத்தனை அடி வாங்கினாலும் பின்னல் கலையாது. அலிசியா விகாந்தர் (2018) லண்டனில் சைக்கிள் மிதிக்கிற கூரியர்.

வலி: விகாந்தர்தான். வயிற்றில் குத்திய கம்பியை அவரே பிடுங்கியபோது தங்கச்சியின் முறுக்கு வாயருகே நின்றுவிட்டது.

இடம்: ஜோலி, பேச்சே இல்லை. கம்போடியாவின் தா ப்ரோம் கோயில், கல்லைக் கவ்விய வேர்கள். மதிலில் அரசமரம் முளைத்த கோயில்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அது சொந்த ஊர்.

கதை: ரெண்டும் சுமார்.

அடுத்த பாகம்: ஜோலிக்கு 2003இல் வந்தது. விகாந்தருக்கு வரவேயில்லை.

வீடே உட்கார்ந்து பார்க்க ஜோலி. ராத்திரி தனியாக என்றால் விகாந்தர். சித்திக்கு ஒரே கவலை: "அந்தப் பொண்ணு ஒரு வாய் சாப்பிடவே இல்லையேடி!"